கிடங்கு அக்காவின் கத்தரிக்கோல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிடங்கு அக்கா என்று பெயர். எதையும் கொட்ட மனம் வராது. பாதி பாட்டில், கால் பாட்டில், எதற்கு வைத்தோம் என்று அவளுக்கே மறந்துபோன பாட்டில் எல்லாம் ஃபிரிட்ஜில் நிரந்தரமாகக் குடியிருக்கும். வீட்டிலும் இதே கதைதான். மாமியார் டப்பாக்களைத் திறக்கும்போது ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அவள் செய்வது கொரோனா வைரஸின் கத்தரிக்கோல். பயப்பட வேண்டாம், மாமியாரே இப்போதுதான் பயத்தை விட்டிருக்கிறார். அந்த வைரஸ் தன் புரதங்களை ஒரே நீளச் சரமாகத் தயாரித்து, ஒரு நொதியை வைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். அந்த நொதியின் மரபணுவை மட்டும் சாதுவான ஒரு பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்தால், வைரஸ் இல்லாமலே கத்தரிக்கோல் கிடைத்துவிடும். அதன் வாயைக் கட்டும் மருந்தைத் தேடுகிறவர்கள் இதை வாங்கிப்போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள்.

பாக்டீரியாவை உடைத்தால் எத்தனையோ புரதங்கள் கலந்த கலங்கல் வரும். அதிலிருந்து தன் நொதியைப் பிரிப்பதற்காக அதன் முன்பக்கம் ஒரு சின்ன வால் ஒட்டியிருந்தாள். கலங்கலைப் பொடிமணிகள் அடைத்த குழாயில் விட்டால், வால் உள்ளது மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மற்றதெல்லாம் வடிந்துவிடும். நின்றதைக் கழுவி எடுத்தாள். ஒன்றுமே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி செய்தாள். மறுபடியும் நாமம்தான்.

மேலாளர் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்கம்மா. இல்லேன்னா இந்த வேலையைச் சோப்பு சார் எடுத்துக்கட்டும்."

சோப்பு என்பவர் அடுத்த மேசைக்காரர். மேசையை மட்டுமல்ல, மேசையின் கால்களையும் துடைப்பவர். மரபணுவை வரைந்தது முதல் பாக்டீரியாவை வளர்த்தது வரை எல்லாம் இவள். பெற்ற பிள்ளையைத் துடைக்கும் துணிக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதா?

வியாழன் மாலை வீட்டில் வேறு ரகளை. "லாண்டரிக்காரர் என் சட்டையைத் தொலைச்சுட்டார்" என்று கணவன் குதித்துக்கொண்டிருந்தான்.

"அவர் ஏன்டா தொலைக்கிறாரு?" என்றார் மாமியார். "கழுத்துல அரிக்குதுன்னு, அவர் தச்ச அடையாளத் துணியை நீதானே வெட்டி எறிஞ்ச? அது இல்லாம யார் சட்டைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கேட்பாரில்லாத குவியல்ல கிடக்கும், போய்ப் பாரு."

அவளுக்குப் பொறி தட்டியது. வாலை ஒட்டிய இடம், அந்த நொதி வெட்டுவதற்கென்றே பிறந்த இடம். அவசரத்தில் அதை யோசிக்கவே இல்லை. கத்தரிக்கோலைக் கயிற்றால் கட்டிப்போட்ட புத்திசாலி அவள். அது தன் வாலைத் தானே வெட்டிக்கொண்டு, வடிநீரோடு கம்பி நீட்டியிருக்கிறது. எல்லாரும் தொட்டியில் கொட்டிவிடும் வடிநீர். ஆனால் இவளா கொட்டுவாள்?

"அத்தே, நீங்க தெய்வம்."

"அது இருக்கட்டும். முதல்ல ஃபிரிட்ஜைச் சுத்தம் பண்ணு."

மறுநாள் ஓட்டமும் நடையுமாகப் போய் ஆய்வுக்கூட ஃபிரிட்ஜைத் திறந்தாள். அவளுடைய தட்டு காலியாகப் பளபளத்தது.

"உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு நேத்து நானே எல்லாத்தையும் கொட்டிக் கழுவிட்டேன்" என்றார் சோப்பு. உண்மையிலேயே நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்துவிடும் போலிருந்தது.

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. "உங்க தட்டையும் கழுவினீங்களா?"

"என் தட்டு எப்பவும் சுத்தம்தானே. அதை ஏன் தொடணும்?"

இடமில்லாத ஒரு நாள் அவள் அந்தத் தட்டில் கொஞ்சம் ஆக்கிரமிப்பு செய்திருந்தாள். ராணுவ அணிவகுப்பு போல நின்ற பாட்டில்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, தன் வடிநீர் பாட்டிலை வெளியே இழுத்தாள். சோப்பின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வெட்டுப்பட்டால் ஒளிரும் சாயத்தில் ஒரு சொட்டு விட்டாள். ஒளியை அளக்கும் கருவியின் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கேம்மா இருந்துச்சு?"

சோப்பு தலை குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை போதும், அவர் மானம் கப்பலேறிவிடும். அவளுக்கு ஏனோ மனம் வரவில்லை.

"சோப்பு சார் தட்டுலதான் சார். பத்திரமா இருந்துச்சு."

"அப்படியா? ரொம்ப நல்லது. இனிமே ரெண்டு பேருமே சேர்ந்து செய்யுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பிள்ளை கைவிட்டுப் போகவில்லை, கூடவே ஒரு பங்காளியும் வந்து சேர்ந்தார். மாலைக்குள் இருவருமாக அந்த நீரை, வாலே தேவைப்படாத வேறொரு குழாயில் விட்டு நொதியைப் பிரித்தார்கள். அது வெட்ட முடியாதபடி வாலைப் பின்பக்கம் ஒட்டி அவள் புது மரபணு வரைய உட்கார்ந்தாள்.

சோப்பு வழக்கம்போல வடிநீர் பாட்டிலைத் தொட்டிமேல் சாய்த்தார். பிறகு நிமிர்த்தினார். அவள் கணினியையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து, ஃபிரிட்ஜைத் திறந்து, அதைத் தன் தட்டின் கடைசி வரிசையில் ஒளித்து வைத்தார்.