பூங்காவில் ஏழு பேர்

பரமலிங்கம் படத்தை வெயிலில் சரித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு மற்றக் கண்ணை. பிறகு தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, “மாஸ்டர், என்ரை மூக்கை வடிவாய்ப் பாருங்கோ. இதிலை ஆருக்கு இப்பிடி மூக்கிருக்கு?” என்கிறார் என்னிடம். யார் வந்தாலும் இந்தக் கேள்விதான்.

வடமராட்சியிலிருந்து வந்து, பரந்தனுக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர். வரம்பு ஒரு சாண் வளைந்திருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இந்தப் படத்திடம்தான் தோற்றுப்போகிறார்.

கொழும்பில் ஒரு பூங்கா. ஐம்பது வருடத்துக்கு முந்திய படம். வளைந்து போகும் பாதை, வெட்டிவிட்ட புல், தாமரைக் குளம். கரையில் பூவாளியும் தலைப்பாகையுமாக ஆறு தோட்ட வேலைக்காரர். ஒவ்வொரு முகமும் மிளகளவு. அதில் ஒருவர் பரமலிங்கத்தின் தகப்பன். மகன் தவழுமுன்னே அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். வேறு படம் கிடையாது.

“அம்மா தொட்டுக் காட்டினவா. அவான்ரை விரல் மூண்டு பேரை மறைச்சுப்போட்டுது. நான் மடையன், திருப்பிக் கேக்கேல்லை. இப்ப அவாவும் இல்லை.”

பெரிய மாமா ஒருவரைக் காட்டினாராம், சின்ன மாமா இன்னொருவரை. போன மாதம் தொல்லை தாங்காமல் நானும் மூன்றாவதாக ஒருவரைக் காட்டித் தொலைத்தேன். அதன்பின் மனிதர் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டபோது வெட்கமாக இருந்தது.

ஆடி அமாவாசைக்குத் தகப்பன் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இதுவரை வடமராட்சியில் தாய் படைத்து வந்தார்; இந்த வருடம்தான் இவர் கைக்கு வந்தது. “பிறத்தியாருக்கு வைச்சால் அப்பா பசியோடையெல்லோ நிண்டு பாத்துக்கொண்டிருப்பார்.”

நேற்று அமாவாசை. என்னையும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார். அந்த விரதத்துக்கென்றே தேடிப் பறிக்கும் காத்தோட்டிக்காய் பொரித்து, இலை போட்டாயிற்று. வெளியே காகங்கள் கத்தின. கிண்ணத்தில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. பரமலிங்கம் படத்தின் முன் அசையாமல் நின்றார்.

“இஞ்சாருங்கோ,” என்றார் மனைவி பத்மாசனி. “ஆறு பேருக்கும் வையுங்கோவன். ஒருதரும் பசியோடை போகமாட்டினம்.”

அவர் ஆறு முகத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு ஓர் ஈர்க்கை எடுத்து ஆறு நெற்றியிலும் தொட்டு வைத்தார். படையலுக்குத் திரும்பியவர் மறுபடி நின்றார். படத்தின் ஓரத்தில், கதிரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை.

“இந்த மனிசனை மட்டும் விட்டிட்டு எப்பிடி…” என்று முணுமுணுத்தபடி ஈர்க்கைச் சந்தனத்தில் தோய்த்தார். துரையின் நெற்றி தெரியவில்லை. தொப்பியின் மேலேயே வைத்தார்.