படகுக் கொட்டகைச் சுவரில் ஒரு மீன்

சைமியைப் பற்றி எங்கள் கரையில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லா படகு வலிப்பா." மீன் பிடிப்பாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. அவள் வலித்த படகில் வந்த மீன்களை வரிசையாக வைத்தால் இந்தக் கரையிலிருந்து தேவாலயம் வரை போகும். ஆனாலும் அவர்கள் கணக்கில் அவள் மீன் பிடித்ததில்லை. இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சைமி என் கணவன் தௌனோவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடும் வயலும் தௌனோவுக்கு வந்தன. சைமிக்கு முற்றத்தில் இருக்கும் மரக்களஞ்சியத்தின் மாடி அறை வந்தது. குளிர்காலத்தில் மாடுகளோடும் தறியோடும் இருப்பாள். ஏரியில் பனிக்கட்டி உருகிப் போனதும் படகைக் கவிழ்த்துத் தார் பூசுவாள். கால் படகின் குறுக்குக் கட்டைக்கு எட்டாத வயதிலேயே அப்பாவுக்குத் துடுப்பு வலித்தவள். அப்பா போன பிறகு அண்ணன் அர்மாஸுக்கு வலித்தாள்.

அர்மாஸ் தெற்கே நகரத்தில் காகித ஆலையில் மேற்பார்வையாளன். ஒவ்வொரு ஜூலையும் மனைவி மைரேயையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹர்மா ஏரிக்கு ஓய்வெடுக்க வருவான். அவன் ஓய்வெடுத்தால் மற்றவர்களுக்கு வேலை. சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் மரக் கிளைகளை ஒடித்துக் கட்ட வேண்டும், கறுப்பு ரொட்டி இரண்டு மடங்கு சுட வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டுச் சைமி படகுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஏரியில் ட்ரவுட் மீனை உட்கார்ந்த இடத்தில் பிடிக்க முடியாது. ஒருவர் படகு வலிக்க, பின்னால் இருப்பவர் நீளமான நூலைக் கையில் பிடித்துக்கொள்வார். நூலின் நுனியில் தகட்டுத் தூண்டில் தண்ணீருக்குள் இழுபட்டு வரும். அந்தத் தகடு அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி நெளிய வேண்டும். அதை நெளிய வைப்பது யார்? பின்னால் உட்கார்ந்து புகை பிடிக்கிறவரா? துடுப்பு கொஞ்சம் வேகமானால் தகடு மேலே மிதந்துவிடும். கொஞ்சம் மெதுவானால் பாறையில் போய் மாட்டிக்கொள்ளும். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி மீன் கடிக்கும்போது நூல் யார் கையில் இருக்கிறதோ அவருடையது மீன். வலிக்கிறவருக்கு மீனின் தலை.

படகுக் கொட்டகையின் உள்சுவர்தான் எங்கள் வீட்டுக்குப் பெருமை. பெரிய மீன் கிடைத்தால் அதைச் சுவர்ப் பலகைமேல் வைத்துத் தச்சன் பென்சிலால் சுற்றி வரைவார்கள். அந்தக் கோட்டைக் கத்தியால் ஆழமாகச் செதுக்கி, பிடித்தவருடைய பெயரின் முதல் எழுத்துகளையும் பக்கத்தில் வெட்டுவார்கள். கடைசியில் பிடித்தவரே ஒரு செப்புப் படகாணியை மீனுக்குக் கண்ணாக அடிக்க வேண்டும். அதற்கு எல்லாரையும் கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளானாலும் அந்த எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது. மாமனார், அர்மாஸ், அர்மாஸ், மாமனார், மறுபடி அர்மாஸ். ஒரே ஒரு சின்ன மீன் தௌனோவுக்கு. சைமி எங்குமில்லை.

ஒரு ஜூலை நாளில் நான் துறைப் பலகையில் மண்டியிட்டு, பைன் சோப்புப் போட்டு விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஏரியின் நடுவில் இருமினால்கூடக் கரைக்குக் கேட்கும். சைமியின் படகு நாணல் முனையைச் சுற்றி வந்தது. அர்மாஸின் ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் கோப்பை. நூல் எங்கே என்று பார்த்தேன். சைமியின் வாயில் இருந்தது. தனியாக வலிக்கிறவர்கள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வலிப்பார்கள். அண்ணன் கூட வரும்போதும் அவளுக்கு அதே பாடுதான்.

காபி கோப்பையில் விழுகிற நேரத்தில், யாரோ கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி சைமியின் தலை முன்னால் வெட்டியது. அவள் துடுப்புகளைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் நூலைப் பற்றினாள்.

"விடாத! விடாத! குடு இங்க!" என்று அர்மாஸ் கத்தினான்.

அவள் கொடுக்கவில்லை. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, மீனைக் களைக்கவைத்துப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அர்மாஸ் கைவலையை நீட்டித் தூக்கிப் போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். நான் ஈர விரிப்பைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

கரைக்கு வந்ததும் அவன் மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு குதித்தான். "மைரே! கேமராவ எடுத்துட்டு வா! பாரு என் மீன!"

சைமி வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக இறங்கினாள். தாடையில் ரத்தம். என் ஏப்ரனின் நுனியை நனைத்துக் கொடுத்தேன். அவள் மற்றக் கையை விரித்துக் காட்டினாள். முன்பல்லின் பாதி.

"நூல்ல இருந்த முடிச்சு பல்லுக்குப் பின்னால சிக்கிடுச்சு. ஏற்கெனவே விரிசல் விட்ட பல்லுதான்" என்றாள், ஏதோ தன்மேல் தப்பு என்கிற மாதிரி. உடைந்த பல்லைத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

மைரே கேமராவோடு வந்தாள். அர்மாஸ் மீனை நீட்டிப் பிடித்து நின்றான். "சைமி, கொஞ்சம் தள்ளி நில்லு. ரத்தமும் நீயுமா படத்துல விழுந்துடப் போற."

சைமி தள்ளி நின்றாள்.

சத்தம் கேட்டு எதிர்க்கரையிலிருந்து ஏமில் கிழவர் தன் படகில் வந்து சேர்ந்தார். மீன் வழக்கில் எங்கள் ஏரியில் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள்.

"அது கடிச்சப்போ நூலு யாரு கையில?"

"காபி ஊத்தறதுக்கு ஒரு நிமிஷம் இவகிட்ட குடுத்தேன். பல்லுல கடிச்சிட்டிருந்தா" என்றான் அர்மாஸ்.

"அப்போ யாரு கையிலயும் இல்ல" என்றார் ஏமில். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என் தகடு, என் நூலு, என் கைவலை. இவ சுவத்துல இருக்கற ஆணி மாதிரி. வெயில்ல கோட்டக் கழட்டி ஆணியில மாட்டறோம். அதுக்காக கோட்டு ஆணிக்குச் சொந்தமாயிடுமா?" என்றான் அர்மாஸ்.

ஏமில் தொடையில் தட்டிச் சிரித்தார். சைமி ஏதோ சொன்னாள். உதடு வீங்கியிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

"என்ன? வாயத் தொறந்து சொல்லு" என்றான் அர்மாஸ்.

"நான் பிடிச்சேன்."

"பல்லாலயா?" அவ்வளவுதான், மறுபடி சிரிப்பு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே அர்மாஸ் மீனைச் சுவரில் வரைந்து, செதுக்கி, தன் பெயரெழுத்துகளையும் வெட்டிவிட்டான். கண்ணுக்கு ஆணி தேடினான். தகர டப்பாவில் செப்பாணி தீர்ந்திருந்தது. "நாளைக்குக் கடையில வாங்கிட்டு வந்து எல்லாரும் பாக்க அடிக்கறேன்" என்றான். வரைந்து முடித்த மீனைச் சைமியிடம் கொடுத்தான். அவள் துறையில் உட்கார்ந்து செதில் சுரண்டிக் குடலெடுத்தாள். கடல்காக்கைகள் அவளைச் சுற்றிக் கத்தின.

சாப்பிடும்போது அர்மாஸ் மீன் தலையைச் சைமியின் தட்டில் வைத்தான். "வழக்கத்த விடக் கூடாதில்ல. தலை படகுக்காரிக்கு."

நான் ஆட்கள் நடுவில் பேசுகிறவள் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டேன், கண்ணால் தேடுவேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"நான் துறையிலேர்ந்து பாத்தேன். உங்க ரெண்டு கையிலயும் காபிதான் இருந்துச்சு" என்றேன்.

அர்மாஸ் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்: "அட, லெம்பிக்குப் பேச வருமா! தௌனோ, உன் பொண்டாட்டி பேசறாடா! இவ ஊமைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

தௌனோ உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். கடைசிவரை அதையே உரித்தான். அதற்காக அவனிடம் அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. சைமி மீன் தலையை எடுத்து அண்ணன் தட்டில் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் அர்மாஸ் நூல் உருளையைச் சுழற்றிக்கொண்டு துறைக்கு வந்தான். சைமி என் பக்கத்தில் மண்டியிட்டு விரிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு சைமி, வெயில் ஏறுது."

"நான் வரல."

"ஏன், பல்லு வலிக்குதா?"

"நான் ஆணிதானே. ஆணி படகு வலிக்குமா?"

அவள் தலை நிமிரவே இல்லை. தூரிகை மட்டும் ஒரே சீராக ஓடியது.

அர்மாஸ் தௌனோவைக் கூப்பிட்டான். வைக்கோல் காயப்போட வேண்டும் என்று தௌனோ வயலுக்குப் போய்விட்டான். மைரேயைக் கூப்பிட்டான். "நான் லீவுக்கு வந்திருக்கேன், துடுப்புப் போடறதுக்கா வந்தேன்?" என்றாள். கடைசியில் தனியாகவே போனான். நூலைக் கடிக்க அவனால் முடியாது. இளம் வயதிலேயே எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுச் செட்டுப் பல் கட்டிக்கொண்டவன். அதனால் நூலைக் காலில் சுற்றிக்கொண்டான். படகு ஒரு பக்கமாகவே சுற்றியது.

தன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏமில் அங்கிருந்தே கூப்பிட்டார்: "ஏன் அர்மாஸ், நூலப் பல்லுல கடிச்சுக்கயேன்!"

"உன் வேலையப் பாருய்யா!"

"பாத்துக் கடி! மீனு செட்டோட எடுத்துட்டுப் போயிடும்! ஏரிக்குள்ள பல்லு வெச்ச மீனத் தேடி நாங்க எங்க போறது!"

உள்ளங்கையில் கொப்புளத்தோடும் வெறுங்கையோடும் திரும்பினான். படகைக்கூட இழுத்துக் கட்டாமல், ஆணி வாங்கக் காரில் கடைக்குப் போனான். கார் சத்தம் தேய்ந்ததும் சைமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துளையூசியையும் தார் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். நான் ஒரு விரிப்பை அலசிப் பிழிந்து முடித்தேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து விரிப்பைத் தேய்த்தாள்.

அர்மாஸ் வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டான். மைரே, பிள்ளைகள், தௌனோ, காபி வாசனைக்கு வந்த ஏமில், எல்லாரும் கொட்டகையில் கூடினோம். ஆணியை இரண்டு விரலில் பிடித்து, சுத்தியலோடு சுவர்ப்பக்கம் போனவன் நின்றுவிட்டான்.

மீனுக்குக் கண் இருந்தது. சிறியது, வெளுத்தது, ஓரத்தில் கறுப்புத் தார். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"என்ன இது?"

"என் பல்லு" என்றாள் சைமி.

"எடு அத."

"தகடு உன்னோடது. நூலு உன்னோடது. கைவலையும் உன்னோடது. பல்லு என்னோடது. வேணும்னா நீயே ஒடைச்சு எடு. சுத்தியல் கையிலதான இருக்கு."

அர்மாஸ் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏமில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மூக்கு சுவரில் படுகிற மாதிரி அந்தப் பல்லை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு வெச்சாச்சு. இனி இந்த வழக்குல நான் பேசறதுக்கு எதுவும் இல்ல" என்றார்.

அர்மாஸின் கை சுத்தியலோடு உயர்ந்தது. மைரேதான் பேசினாள். "அர்மாஸ். உன் தங்கச்சி பல்லு அது. கீழ வை."

சுத்தியல் கீழே வந்தது. அப்போது சைமி சிரித்தாள். கையால் மறைக்கவில்லை. உடைந்த இடம் தெரிய, வாய் நிறையச் சிரித்தாள்.

ஆனால் அர்மாஸ் தன் எழுத்துகளை அழிக்கவில்லை. அவளுடைய எழுத்தைச் சேர்த்து வெட்டவும் இல்லை. கத்தி அவன் இடுப்பிலேயேதான் இருந்தது. அடுத்த கோடையில் அதற்குப் பதிலாகப் படகு மோட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு பெண்ணின் பெயருக்கு இரண்டு எழுத்து வெட்டுவதை விட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அந்த மோட்டாரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் அதை அடக்கிக்கொள்ளப் போவதில்லை.

பழைய படகில் இப்போது சைமியும் நானும் போகிறோம். முதலில் நான் வலிப்பேன், அவள் நூலைப் பிடிப்பாள். எனக்குக் கை வலித்தால் மாறி உட்காருவோம். "கையில புடி லெம்பி, பல்லப் பத்திரமா வெச்சுக்க" என்பாள். பல் உடைந்த அதே வருஷம் எங்களுக்கு ஒரு நல்ல ட்ரவுட் கிடைத்தது. அதைச் சுவரில் வரைந்து இரண்டு பேருடைய எழுத்துகளையும் வெட்டினோம். ஒரே ஆணியை ஆளுக்கொரு அடி அடித்தோம்.

அடுத்த ஜூலையில் வந்த அர்மாஸ் அதன் முன்னால் நின்று தலையை ஆட்டினான்.

"ஒரு மீன ரெண்டு பேரு எப்படிப் பிடிக்க முடியும்?"

சைமி கொட்டகை மூலையிலிருந்து துடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னாள்:

"படகுல ரெண்டு பேரு இருந்தோம்."