டிக்கியின் வலது ஓரத்து நசுங்கல்

தம்பி கிளம்பியது ஒரு புதன்கிழமை. காலை ஏழரை மணிக்குப் பச்சைக் காரின் முன்னால் அவனும் மனைவியும், பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு ஆறு வயது மகளும் ஏறி உட்கார, தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சும்மாவா? ஊர் உலகமே வாய் பிளந்து பார்த்த படத்தில், பாதி கட்டிய பாலத்தைத் தாண்டிக் குதித்த கார் அது. படக் கம்பெனி தன் கிடங்கைக் காலி செய்தபோது வாங்கி வந்தான். மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் பழைய கார் கண்காட்சி. அதற்குத்தான் இந்தப் பயணம்.

“என்ன பூதம், கடைசியா ஒரு தடவை சொல்லிடு. இது அதே காருதானே? அங்க போய் என் மானம் கப்பலேறக் கூடாது.”

“நூறு தடவை சொல்லியாச்சுடா. ஹீரோ ஓட்டினது இதுதான். கிளம்பு.”

பூதம் என்றால் பூதக்கண்ணாடி. அக்காவுக்கு அவன் வைத்த பெயர். அவளுடைய நாற்பத்தெட்டு வயதில் இருபத்திரண்டு வருடம் கடைவீதி ஸ்டுடியோவில் கழிந்திருந்தது. அடையாள அட்டைப் படங்களில் பருவை அழிப்பதும், கலைந்த முடியை ஒதுக்குவதும், மங்கிப்போன தாத்தாக்களுக்கு மூக்கு வரைவதும் வேலை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “மாப்பிள்ளை போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன், வேண்டாம்னுட்டேன்” என்பாள்.

இது ஹீரோ ஓட்டிய கார்தானா என்று தெரிந்துகொள்ள, தம்பிக்காக ஐந்து மாதம் படங்களைத் தேடினாள். திரையில் வந்த படங்கள் அவளுக்கு வேண்டாம். படப்பிடிப்பின்போது யாரோ எடுத்த படங்கள்தான் வேண்டும். விளக்கைத் தூக்கிச் செல்கிறவர்கள், நாற்காலியில் தூங்குகிற மேக்கப்காரர், சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிற சண்டை நடிகர்கள். ஏதோ ஓர் ஓரத்தில் பச்சைக் கார் நிற்கும். பழைய பத்திரிகைகளிலிருந்தும், ரசிகர் குழுவிலிருந்தும், செத்துப்போன ஒரு லைட்மேனின் மகளிடமிருந்தும் அறுபத்து மூன்று படங்கள் சேர்ந்தன. நம்பர் பலகையை நம்பவே கூடாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரே நிறத்தில் ஆறு கார்கள் வைத்திருந்தார்கள்; ஒரே பலகையைத்தான் மாற்றி மாற்றி மாட்டினார்கள். ஆனால் நசுங்கலை மாற்றி மாட்ட முடியாதே! ஹீரோ ஓட்டிய காருக்கு டிக்கியின் வலது ஓரத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு நசுங்கல். தம்பியின் காருக்கும் அதே இடத்தில், அதே அளவில்.

அன்று மதியம் ஸ்டுடியோவில் கூட்டமில்லை. கண்காட்சியில் ஒட்டுவதற்குப் பின்னாலேயே பஸ்ஸில் அனுப்பவேண்டிய பிரதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களையும் ஒருமுறை புரட்டினாள். அதில் ஒன்று, நான்கு ஆட்கள் ஒரு காரின் பின்பாதியைத் தனியாகத் தூக்கி நகர்த்துகிற படம். உள்ளே கேமராவை வைப்பதற்காக முன் இருக்கைக்குப் பின்னால் கூரையோடும் தரையோடும் அறுத்திருந்தார்கள். பலகை கழற்றப்பட்டிருந்தது, படத்தில் எழுத்து என்று ஒன்றுமே இல்லை. டிக்கியில் நசுங்கல் இருந்தது, ஆனால் இடது ஓரத்தில். வேறு கார் என்று அன்றைக்கு ஒதுக்கிவிட்டாள்.

இன்று அவள் கண் காரில் நிற்கவில்லை. பழக்க தோஷம், ஆட்களின் சட்டைக்குப் போனது. நான்கு பேருக்கும் சட்டைப்பை வலது பக்கம். ஒருவனுக்கு அப்படித் தைத்திருக்கலாம். நான்கு பேருக்குமா?

படத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பைகள் இடப்பக்கம் வந்தன. நசுங்கல் வலப்பக்கம் போனது. நெகட்டிவை யாரோ புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லித்தருகிற தவறு அது.

அது தம்பியின் கார். ஹீரோ ஓட்டியதும் அந்தக் கார்தான். இரண்டாக அறுத்து ஒட்டியதும் அந்தக் கார்தான். அறுத்த இடத்துக்குப் பின்னால்தான் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பியின் போன் கிடைக்கவில்லை. அவன் மனைவியின் போனும் கிடைக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, காரைப் பழுது பார்த்த மெக்கானிக்கிடம் ஓடினாள். அவன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அடியில கறுப்பா கனமா பூச்சு பூசியிருந்துச்சுக்கா. துருவுக்குன்னு நினைச்சேன். இஞ்சினைத்தான் பாத்தேன், சுரண்டிப் பாக்கலை.”

“தாங்குமா?”

“கிடங்குல நிறுத்தி வைக்கிறதுக்கு ஒட்டினதா இருக்கும். நேர் ரோட்டுல ஓடும். வளைவுல முறுக்கும்க்கா. அங்கதான் ஒட்டு விட்டுப்போகும்.”

நெடுஞ்சாலை உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். “காருக்கு என்னம்மா ஆச்சு?”

“இன்னும் ஒண்ணும் ஆகலை.”

“ஆகாததுக்கு நான் யாரைம்மா அனுப்பறது?”

மெக்கானிக்தான் மலையடிவாரத்து பெட்ரோல் பங்க் எண்ணைத் தேடிக் கொடுத்தான். எடுத்த ஆள் உற்சாகமாகப் பேசினான். “அந்தப் படத்துக் காரா? அட, கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேனே! இப்பத்தான் மேல ஏறிச்சு, கால் மணி நேரம் இருக்கும். பாப்பா டாட்டாகூடக் காட்டிச்சு.”

“நீங்க பின்னாடியே போய் நிறுத்தணும். கும்பிட்டுக் கேக்கறேன்.”

“பங்கை விட்டுட்டா? முதலாளி தோலை உரிச்சிடுவாருங்க.”

“அந்தக் கார் ரெண்டா அறுத்து ஒட்டினது. பாப்பா பின்னாடி இருக்கா.”

யாரையோ பங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது. பிறகு, “வைங்க போனை” என்றான்.

அதற்கப்புறம் ஐம்பது நிமிடம். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டான், அவள் உட்காரவில்லை. டீ வாங்கி வந்தான்; அது ஆடை படர்ந்து ஆறியது. பட்டறையில் யாரோ தகரத்தைக் கீழே போட, அவள் போனைத் தூக்கிப் பார்த்தாள். ‘கிளம்பு’ என்று சொன்ன வாய் இது என்று ஒருமுறை தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது. புது எண். பங்க் ஆளின் போனில் தம்பிதான்.

“என்ன பூதம், பைக்ல ஆளை விட்டுத் துரத்தறே? மூணாவது வளைவுல நிக்கறோம். பாப்பா பக்கத்துக் கதவு இறுகிக்கிச்சு, திறக்க மாட்டேங்குது. பூட்டுதான் மக்கர். மேல போய்ப் பாத்துக்கலாம்னு கிளம்பப் போனேன், இந்தாளு குறுக்க வந்து விழுந்துட்டாரு.”

“அவளை முன்பக்கமா இறக்கு. மொதல்ல இறக்குடா!”

“நீதானே ஹீரோ காருன்னு...”

“நான் தப்பா பாத்துட்டேன்டா. படம் புரண்டிருந்திருக்கு, நான் கவனிக்கலை. பின்சீட்டுக்கு முன்னால தரைப்பாயைத் தூக்கிச் சுரண்டிப் பாரு.”

குழந்தை சிணுங்குவது கேட்டது. சாவியால் எதையோ கீறுகிற சத்தம் கேட்டது.

“அக்கா.” பூதம் என்று அவன் சொல்லவில்லை. “வெல்டிங் கோடு குறுக்கப் போகுது. நடுவுல வாய் விட்டிருக்கு. அதுவழியா ரோடு தெரியுது.”

அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். காரை லாரியில் ஏற்றி வந்து கொல்லையில் நிறுத்தினார்கள். தம்பி அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஒரு மாதம் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, பட்டம் சொல்லியும் கூப்பிடவில்லை. குழந்தை மட்டும், “அத்தை, நாங்க ஏன் பாலம் தாண்டலை?” என்று கேட்டாள்.

“ஒண்ணை அறுத்தவன் அதோட விட்டிருப்பானாக்கா?” என்று மெக்கானிக் கேட்டது அவளைத் தூங்க விடவில்லை. ரசிகர் குழுவில் அந்தப் படத்தைச் சரியாகத் திருப்பிப் போட்டு, தான் செய்த தவறை ஒளிக்காமல் எழுதினாள். மற்ற ஐந்து கார்களை வைத்திருக்கிறவர்கள் தரைப்பாயைத் தூக்கிப் பாருங்கள் என்று தன் எண்ணையும் கொடுத்தாள். ‘நல்ல கதை’ என்று சிலர் சிரித்தார்கள். ஒருவன், பொறாமைக்காரி என்றான். அப்புறம் அதை எல்லோரும் மறந்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூடப் பையனின் காதை நேராக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது:

“அம்மா, வணக்கம். நீங்க எழுதினதை இன்னைக்குத்தான் படிச்சேன். என்கிட்ட இருக்கறதும் அந்தப் பச்சைக் கார்ல ஒண்ணு. ஆறு வருஷமா தினம் என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் இதுலதான் பள்ளிக்கூடத்துல விடறேன். இப்பத்தான் பாயைத் தூக்கிச் சுரண்டினேன். கோடு இருக்கு. பிள்ளைங்க வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. உங்களுக்கு உடனே சொல்லணும்னு தோணுச்சு.”