கூறு தக்காளியில் ஒரு பாஸ்தா

நான் நான்காம் வகுப்பு படித்தபோது என் பக்கத்தில் உட்காருகிறவள் திங்கட்கிழமைதோறும் டிபன் பாக்ஸில் பாஸ்தா கொண்டுவருவாள். ஒருநாள்கூட ஒரு வாய் தந்ததில்லை, கல்நெஞ்சுக்காரி. அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, பெங்களூரிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவள். பாஸ்தாவெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இனிமேல் மாமாவிடம் திரும்பிப் போகமாட்டேன் என்றாள் அத்தை. “குடும்பம்னா நாலு இருக்கும். அனுசரிச்சிக்கினு போகணும்மா” என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டுவந்து விடுவதாக மாமாவுக்குப் போன் செய்தும் சொல்லிவிட்டார். அதன்பிறகு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. என் கவலை வேறு. அவள் போவதற்குள் பாஸ்தாவைச் செய்ய வைத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை, மார்க்கெட் கலைகிற நேரமாகப் பார்த்து அத்தை என்னைக் கூட்டிப்போனாள். நசுங்கிய தக்காளியும் சுருங்கிய குடைமிளகாயும் கூறு பாதி விலைக்குக் கிடைத்தன. “இத்தப் போயி வாங்கிக்கினு வந்திருக்கியேம்மா” என்றாள் அம்மா. “சாஸுக்குக் கனிஞ்சதுதான் அண்ணி நல்லாருக்கும்” என்று அத்தை அழுகிய பக்கத்தை அரிந்து தள்ளினாள். பூண்டைத் தாராளமாகப் போட்டாள். அப்பாவுக்குப் பூண்டு ஆகவே ஆகாது. ரசத்தில் மிதப்பதைக்கூடத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்.

பாஸ்தா வெந்த தண்ணீரைச் சாஸில் ஊற்ற அத்தை திரும்பியபோது பாத்திரம் காலி. எங்களுடையது தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற நெசவுத் தெரு. கொழகொழவென்று எதைப் பார்த்தாலும் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. அப்பாவின் வேட்டியை அதில் முக்கிப் பிழிந்து காயப்போட்டுவிட்டிருந்தாள். “கஞ்சியப் போயி கொழம்புல ஊத்துவாங்களா?” என்று அவளுக்கே ஆச்சரியம்.

தண்ணீர் இல்லாமல் சாஸ் இறுகி, எரிமலைபோல் தெறித்தது. அத்தையின் கையில் ஒரு சொட்டு விழுந்து துணியோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் புழுக்கத்திலும் அவள் முழுக்கை நைட்டிதான் போட்டிருந்தாள். அப்பா களிம்போடு ஓடிவந்து நைட்டியின் கையை மேலே சுருட்டினார். முழங்கைவரை வட்ட வட்டமாகக் கறுத்த தழும்புகள்.

“இதெல்லாம் என்னாது?”

“விடுண்ணா. அடுப்பாண்ட நின்னா இப்படித்தான்.”

அப்பா களிம்பு தடவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

இரவு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒரு பூண்டைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டார். “இன்னும் போடும்மா” என்று மறுபடி தட்டை நீட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, “அவ பெட்டிய எடுத்துப் பரண்மேல போட்டுடு. இனிமே அது வேணாம்” என்றார்.

என் கண் வாணலியில் இருந்தது. டிபன் பாக்ஸுக்கென்று ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. நான் ஓவென்று அழுதேன். அத்தையும் அழுதாள். அவளாவது எனக்காக அழுகிறாளே என்று ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை தயிர்சாதத்தோடு பள்ளிக்குப் போனேன். ஆனாலும் அந்தக் கல்நெஞ்சுக்காரியிடம் விட்டுக்கொடுப்பேனா. வீட்டிலேயே சாஸ் செய்வது என்றால் சும்மா இல்லை, எங்கள் அத்தை எத்தனை தடவை செய்திருக்கிறாள் என்பதற்கு அவள் கையிலேயே அடையாளம் இருக்கிறது என்று, முழங்கைவரை தொட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.