நான் கொட்டிய சருகு

எங்கள் பள்ளிக்கூட முற்றத்தைக் கூட்டுவது என் சின்னம்மாவின் வேலை. சண்டிலிப்பாய்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம்தான், ஆனால் எட்டு வேப்பமரம். மணி அடிக்கும்போது மணலில் விளக்குமாற்றுக் கோடுகளைத் தவிர வேறொன்றும் கிடக்காது. முதல் ஆளாகக் கால் வைக்க எங்களுக்கே மனம் வராது.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புதிதாக ஒரு விஞ்ஞான ரீச்சர் வந்தார். பள்ளிக்கூட வளவு முழுவதையும் மாற்றப்போவதாக ஒரு படம் கீறிக் கொண்டுவந்து காலைக் கூட்டத்தில் விளக்கினார். மழைத் தண்ணீர் றோட்டுக்கு ஓடாமல் குழிகளில் இறங்கவேண்டும், கைகழுவும் தண்ணீர் வாழைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கிணறு உவராகிவிடும் என்றார். "இனிச் சருகைக் கூட்டி எரிக்கிறேல்லை. மரத்தடியிலையே கிடக்கட்டும்" என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கூட்டுகிற வேலை இல்லையென்றால் சின்னம்மா எதற்கு? நிரந்தர நியமனம்கூட இல்லை. சித்தப்பா செத்தபிறகு அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எங்கள் வீட்டில் தலைநிமிர்ந்து இருந்தார். அம்மாவிடம் கேட்டேன். "உனக்கேன் உந்தக் கதை? போய்ப் படி" என்றார். பயம் இரட்டிப்பானது. ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் என் பத்து வயது மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. முற்றம் குப்பையாகக் கிடந்தால் கூட்டுகிறவரின் அருமை தெரியும். அதுவும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் ரீச்சரின் தோட்டம் பார்க்க வருகிற அன்றைக்கே தெரிந்தால் இன்னும் நல்லது. அன்று காலை சின்னம்மா முற்றத்துச் சருகை மரத்தடிகளுக்கு ஒதுக்கிக் கூட்டி முடித்துத் தேத்தண்ணி போடப் போனதும், மரத்தடிச் சருகை அள்ளி அள்ளி முற்றமெங்கும் கொட்டினேன்.

அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூட அதிபரின் முகம் கறுத்தது. சின்னம்மாவைக் கூப்பிட்டார்.

"என்ன உது? இண்டைக்கெண்டாலும் கூட்டியிருக்கலாமே?"

நான் வரிசையில் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். சின்னம்மா கலைந்துகிடந்த மரத்தடிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தார். என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சருகுத்தூள். அவருடைய பார்வை என்னில் நின்று, திரும்பிப் போனது.

"மறந்துபோனன் சேர்."

"மறக்கிறதெண்டால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்."

சின்னம்மா போய் விளக்குமாற்றை எடுத்துவந்து, அதிகாரிகளும் நாங்களும் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து முழு முற்றத்தையும் கூட்டினார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். நட."

"வேலை போயிடுமோ சின்னம்மா?"

"இல்லை. ரீச்சர் அதிபரோடை கதைச்சவ. மரங்களுக்குத் தண்ணி விடுறதும் இனி நான்தானாம்."

அவ்வளவுதான், என் பயம் பறந்துவிட்டது. அன்றிரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை, சின்னம்மாவைக் காணும்போதெல்லாம் அதிபர் கேட்பார்: "இண்டைக்கு மறக்கேல்லைத்தானே?" பக்கத்தில் நிற்கிற ஆசிரியர்கள் சிரிப்பார்கள். "இல்லை சேர்" என்று சின்னம்மாவும் சிரிப்பார். அவரே சிரிக்கிறாரே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.