நவம்பர் மாதத்து நீஸ் கடற்கரை

பிரான்சில், நீஸ் நகரத்தில் இருந்த என் அக்கா போன வருடம் போனில் கூப்பிட்டார்.

"ஓகஸ்டில வாவன், ரெண்டு பேரும் கடலில குளிப்பம்."

"அப்ப ஒரே சனம் அக்கா. நவம்பரில வாறன், பிளேன் ரிக்கெற்றும் மலிவு" என்றேன், ரொறன்ரோவிலிருந்து.

"அப்ப தண்ணி குளிருமடி" என்றார். பிறகு வற்புறுத்தவில்லை.

நவம்பரில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிழமை, அக்கா மாரடைப்பில் போய்விட்டார். விடுமுறைக்கு எடுத்த ரிக்கெற்றிலேயே செத்தவீட்டுக்குப் போனேன்.

எல்லாம் முடிந்த பிறகு அத்தான் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், குளித்தால் உடம்பு துடைக்க ஒரு புதுத் துவாயைத் தந்தார். "கோடையிலேயே உம்மட அக்கா உமக்கெண்டு வாங்கி வைச்சவ."

நான் விரும்பியபடியே கரையில் ஒரு சனமும் இல்லை. காலை நனைத்தேன். அக்கா சொன்னது சரி, தண்ணீர் குளிர்ந்தது.

இப்போது யாராவது வா என்றால், அவர்கள் சொல்லும் மாதத்துக்கே வேலையில் லீவு கேட்கிறேன்.