கோழிக்கூண்டு டிராம்

லொரெய்ன் ஹப்பரை அடக்கமானவள் என்று யாராவது சொன்னால் சிரித்தே செத்துவிடுவேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். அவள் ஒரு சத்தம் போட்டால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலமே வாயை மூடும். எங்கள் டிராம் அருங்காட்சியகத்தில் நான் டிக்கெட் கிழிக்கிறேன், அவள் பழைய வண்டிகளைச் சீர்செய்யும் ஷெட்டே கதியென்று கிடக்கிறாள்.

அவள் கையில் எடுத்தது பஞ்சாலை வேலையாட்கள் போய்வந்த டிராம். தடம் மூடியபின் ஒரு பண்ணைக்காரர் அதை வாங்கிக் கோழி அடைத்திருந்தார். எங்களிடம் வந்தபோது சக்கரம் இல்லை, இருக்கை இல்லை. எச்சம் மட்டும் தாராளமாக இருந்தது, கருமம்!

பழைய இரும்புக் கடைகளில் அலைந்து சக்கரமும் மோட்டாரும் பிடித்தாள். உடனே அருங்காட்சியகத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் மெரிலுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போன சொகுசு டிராம் ஒன்று அவருடைய செல்லம். அதற்கு மோட்டார் இல்லை.

"அந்தக் கோழிக்கூண்டுல யாரு ஏறப்போறா? மோட்டாரைக் கழட்டிக் குடு, லொரெய்ன்."

"தொட்டுப் பாரு. கழண்டு விழறது உன் கையா இருக்கும்."

எங்கள் ஆட்கள் எப்போதும் முதலில் பெயின்ட் அடிப்பார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்குமே! அடியில் மரம் உளுத்துக் கிடக்கும். இவள் அடியிலிருந்து ஆரம்பித்தாள். மேலே ஒரு பூச்சுகூட இல்லாததால், அது தேறாத வண்டி என்றே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. நிர்வாகி ஒருவரை ஏற்றிக்கொண்டு தடத்தின் கடைசிவரை தானே ஓடித் திரும்பிய வண்டியை யாரும் பிரிக்கக்கூடாது.

சனிக்கிழமை, எங்கள் ஊர் வழக்கப்படி சங்கத்தில் எல்லோருக்கும் பீன்ஸ் விருந்து. சாப்பாடு முடிந்ததும் மோட்டாரைக் கழற்ற வாக்கெடுப்பு. மெரில் எழுந்து தொண்டையைக் கனைத்தார். வெளியே டிராம் மணி அலறியது. பார்த்தால், மேலே மின்கம்பியில் பொறி பறக்க, வாசலுக்கு நேரே கோழிக்கூண்டு!

"நிர்வாகி ஒருத்தர் வேணும்," என்று உள்ளிருந்து கத்தினாள். "மெரில், ஏறு!"

பீன்ஸ் தட்டோடு பாதிக் கூட்டம் முண்டியடித்து ஏறிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏறுய்யா, என்ன யோசனை!" என்று மெரிலைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். வேறு வழியில்லாமல் ஏறியவர் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எங்க உக்கார்றது?"

லொரெய்ன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள்.

"எங்கம்மா காலம்பூரா ஆலைக்கு இதுல நின்னுக்கிட்டுதான் போனா. நீயும் நில்லு."